வேர் கழுவுகிறவர்கள்

வேர் ஆராய்ச்சிக்கூடம் என்றதும் வெள்ளைக் கோட்டும் மைக்ராஸ்கோப்பும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. எங்கள் லேபுக்கு வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது பின்பக்கத்துச் சிமெண்ட் தொட்டிதான். சுற்றிலும் வாளிகள், வெவ்வேறு கண் அளவுள்ள சல்லடைகள், நீளமான ரப்பர் குழாய், முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அக்காக்கள். மைக்ராஸ்கோப், ஸ்கேனர், ஏசி ரூம் எல்லாம் உள்ளே இருக்கின்றன. ஆனால் அங்கே போகிற ஒவ்வொரு வேரும் இந்தத் தொட்டியைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

நான் வேலை செய்வது நெல் வேரில். தண்ணீர் இல்லாதபோது எந்த ரகம் வேரை ஆழமாக இறக்குகிறது, எது மேலேயே பரப்பிக்கொண்டு காய்ந்துபோகிறது, அதற்குப் பின்னால் இருக்கும் மரபணு எது என்பதுதான் எங்கள் பிராஜெக்ட். எம்.எஸ்சி. முடித்துவிட்டு எந்த லேபில் சேரலாம் என்று யோசிக்கும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்கிறார்கள், வேர் லேபில் என்னதான் நடக்கிறது என்று. மரபணுவைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் ஆட்களைப் பற்றி எழுதுகிறேன். இலையை அளக்கக் கருவி போதும், யார் அளந்தாலும் பெரிய வித்தியாசம் வராது. வேர் அப்படியில்லை. மண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுத்தது யார் என்பதைப் பொறுத்து, கட்டுரையில் அச்சாகும் எண்ணே மாறிவிடும்.

முதலில் பண்ணை அண்ணனைச் சொல்ல வேண்டும். ஆழமாகப் போகும் வேரைப் பார்க்க நாங்கள் ஒரு மீட்டர் உயரப் பிவிசி பைப்பில் நெல் வளர்க்கிறோம். பைப்பை நெடுக்குவாக்கில் இரண்டாகப் பிளந்து, மறுபடி சேர்த்துக் கம்பியால் கட்டி, உள்ளே பாலித்தீன் உறை போட்டு, சலித்த மண்ணை எடை போட்டு எடை போட்டு நிரப்ப வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஒரு பைப்பில் மண் இறுக்கமாகவும் பக்கத்துப் பைப்பில் பொலபொலவென்றும் இருந்துவிட்டால் எல்லாம் வீண், ஏனென்றால் இறுகிய மண்ணில் எந்த ரகமாக இருந்தாலும் வேர் தடுமாறும், நாங்கள் அதைப் பார்த்துவிட்டு இந்த ரகத்துக்கு ஆழ வேர் கிடையாது என்று எழுதிவிடுவோம். அண்ணன் ஒவ்வொரு அடுக்கு மண்ணைப் போட்டதும் மரக்கட்டையால் ஒரே மாதிரி தட்டி, அளவுகோல் வைத்து உயரம் பார்த்து, அப்புறம்தான் அடுத்த அடுக்கைப் போடுவார். நாற்று நடும் தேதி நெருங்குகிறதே என்று நாங்கள் பரபரத்தாலும் அவர் வேகத்தைக் கூட்ட மாட்டார். "இப்ப அவசரப்பட்டா நாலு மாசம் கழிச்சு நீங்கதான் அழுவீங்க" என்பார். உண்மைதான்.

மண் இறுக்கம் வேரை ஏன் நிறுத்துகிறது என்பதற்கே சமீபத்தில்தான் நல்ல விடை கிடைத்தது. மண் கெட்டியாக இருக்கிறது, வேரால் முட்டித் தள்ள முடியவில்லை, அதனால் நின்றுவிடுகிறது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பிபின் பாண்டே, மால்கம் பென்னட் முதலானோர் ஷாங்காய் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2021-இல் வேறு விஷயத்தைக் காட்டினார்கள். வேர் எப்போதும் கொஞ்சம் எத்திலீன் வாயுவை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. பொலபொலப்பான மண்ணில் அது இடுக்குகள் வழியே கலைந்து போய்விடும். இறுகிய மண்ணில் போக வழியில்லாமல் வேரைச் சுற்றியே தேங்குகிறது, அந்தத் தேக்கத்தை உணர்ந்துதான் வேர் வளர்ச்சியைக் குறைத்துக்கொள்கிறது. எத்திலீனை உணர முடியாதபடி மரபணு மாறிய நெற்செடிகளை அதே இறுகிய மண்ணில் விட்டபோது அவற்றின் வேர் பாட்டுக்கு உள்ளே இறங்கிப் போனது! அப்படியென்றால் வேரால் முடியாமல் இல்லை, நிற்கச் சொல்லிச் சேதி வருவதால்தான் நிற்கிறது. இதைப் படித்துவிட்டு அண்ணனிடம் போய்ச் சொன்னேன். சேறடித்துச் சேறடித்து நம் வயலில் ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே கெட்டித்தட்டு விழுந்து கிடக்கிறதே, அங்கேயும் இதுதான் நடக்குமா என்று உடனே கேட்டார். எங்கள் லேபை நடத்தும் மேடமும் கருத்தரங்கில் அதையேதான் கேட்டார்.

சரி, தொட்டிக்கு வருவோம்.

அறுவடை நாளில் பைப்பின் கம்பியை அவிழ்த்து, பாதியைத் தூக்கி எடுத்து, மண் தூணை ஆழவாரியாகத் துண்டு போடுவோம். ஒவ்வொரு துண்டும் தனி வாளி, தனிச் சீட்டு. ராத்திரி முழுக்க ஊறவிட்டு மறுநாள் காலையில் கழுவ ஆரம்பிப்பார்கள். குழாயை நேரே பீய்ச்சக் கூடாது. வாளியில் தண்ணீரை நிறைத்து, கையால் மெதுவாகக் கலக்கி, மிதந்து வருவதை மட்டும் சல்லடையில் ஊற்றி, மறுபடி தண்ணீர், மறுபடி கலக்கல், கீழே வெறும் மணல் மட்டும் தங்கும்வரை. இங்கேதான் எண் மாறுகிறது. நெல்லில் தடித்த வேர்கள் எடையைத் தருகின்றன, நீளத்தைத் தருவது அவற்றிலிருந்து கிளைக்கும் பக்கவேர்கள்தான், அவற்றில் மெல்லியவை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமன்கூட இருக்காது. பெரிய கண் சல்லடையோ அவசரக் கையோ பட்டால் அவை சத்தமில்லாமல் சாக்கடைக்குப் போய்விடும். அப்புறம் உள்ளே எவ்வளவு விலை உயர்ந்த ஸ்கேனர் இருந்தும் பயனில்லை, வராத வேரை அது அளக்காது.

எங்கள் தொட்டியில் மூத்த அக்கா ஒருவர் இருக்கிறார், எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர், வயல் வேலையிலிருந்து இங்கே வந்தவர். கழுவி முடித்த வேரை வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டு மிதக்கவிடுவார். அப்புறம் ஃபோர்செப்ஸை எடுத்துக்கொண்டு குனிந்தால் நிமிரவே மாட்டார். தட்டில் உயிர் வேர், செத்த வேர், போன பருவத்து மட்கிய துணுக்கு, களை வேர் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். செத்ததை இனம்காண நிறம் மட்டும் போதாது, நெல் வேர் வயதானாலே பழுப்பாகிவிடும், நீர் நின்ற மண் என்றால் இரும்புத் துரு படிந்து செம்பழுப்பாகவும் இருக்கும். அவர் முனையைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்ப்பார். உயிருள்ளது இழுவைக்குக் கொஞ்சம் வளைந்து கொடுத்து மீளும், செத்தது தோல் கழன்று உள்நரம்பு மட்டும் கையோடு வரும், அல்லது பொட்டென்று அறுந்துவிடும். கோரை வேரைக் கம்பி போன்ற விறைப்பிலேயே கண்டுபிடித்துவிடுவார். வயலில் எடுத்த மாதிரிகளில் புல் களைகளின் வேர் கலந்துவிட்டால்தான் கஷ்டம், பார்க்க நெல் மாதிரியே இருக்கும், அவரும் அப்போது மட்டும் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தட்டைக் கிட்டே இழுத்து வைத்துக்கொள்வார். நான் சேர்ந்த புதிதில் எனக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுத்தது அவர்தான், எந்தப் பாடப் புத்தகமும் இல்லை. எங்கள் லேபில் சேரும் ஒவ்வொரு பிஹெச்.டி. மாணவரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய பிறகுதான் ஸ்கேனரைத் தொடலாம் என்று மேடம் விதியே வைத்திருக்கிறார்.

வேர் ஆய்வின் சரித்திரமே இந்த மாதிரிக் கைகளின் சரித்திரம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1937-இல் அமெரிக்காவில் ஹோவர்ட் டிட்மர் என்ற தாவரவியலாளர், ரை என்ற தானியச் செடி ஒன்றை ஓர் அடிக்கு ஓர் அடி அகலமுள்ள, இரண்டடிகூட ஆழமில்லாத மரப்பெட்டியில் நான்கு மாதம் வளர்த்து, மண்ணைக் கழுவி, வேரை எண்ணிக் கணக்கிட்டார். ஒரே செடியில் 1 கோடியே 38 லட்சம் வேர்கள், எல்லாவற்றையும் நீட்டி வைத்தால் 623 கிலோமீட்டர், ஏறத்தாழ சென்னையிலிருந்து திருநெல்வேலி தூரம். வேர்மேல் மயிர் போல முளைக்கும் வேர்த்தூவிகள் தனி, 1,400 கோடிக்கும் மேல். தூவிகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது, மாதிரி எடுத்துப் பெருக்கியதுதான். ஆனாலும் அதற்கே எத்தனை நாள் குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தொட்டியில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் புரியும். அதே காலத்தில் நெப்ராஸ்காவில் ஜான் வீவர் புல்வெளிகளில் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, குழிச் சுவரில் வேரை ஊசியால் நிரடி நிரடி வெளிப்படுத்திக் கையால் வரைந்துகொண்டிருந்தார். பிறகு ஆஸ்திரியாவில் லோரே குட்ஷேராவும் எர்வின் லிக்டெனெகரும் பல பத்தாண்டுகள் இதையே செய்தார்கள். அவர்கள் தீட்டிய வேர்ப் படங்கள் இன்றைக்கு இணையத்தில் சுற்றுகின்றன, நீங்களும் பார்த்திருப்பீர்கள்: மேலே விரல் அளவுச் செடி, கீழே படத்தை முழுக்க நிறைத்துக்கொண்டு வேர். அந்தக் குழிகளை வெட்டியவர்களில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்?

உள்ளே போனால் ஸ்கேனர் தம்பி. பொறியியல் படித்துவிட்டு பிராஜெக்ட் அசிஸ்டெண்டாக வந்தவர், செடி வளர்த்தே பழக்கமில்லை. கண்ணாடித் தட்டில் தண்ணீர் விட்டு, வேரை ஒன்றின்மேல் ஒன்று விழாமல் பிளாஸ்டிக் ஃபோர்செப்ஸால் விரித்து, ஸ்கேன் செய்து, மென்பொருளில் நீளம், பருமன், கிளை எண்ணிக்கை எடுக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் மென்பொருள் இரண்டு மெல்லிய வேரை ஒரு தடித்த வேராக எண்ணிவிடும், தட்டில் தூசி இருந்தால் அதையும் வேர் என்று சேர்த்துக்கொள்ளும். ஆரம்பத்தில் இதைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் தொட்டி வேலை பாதியாகக் குறைந்துவிடும் என்றுதான் நம்பினார். செத்த வேரை விலக்க ஒரு நிரல் எழுதினார், எந்தப் படத்தில் எது செத்தது என்று அதற்கு அடையாளம் காட்ட ஆள் வேண்டுமே? அக்காவைக் கூட்டிவந்து கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தார். "தொட்டுப் பாக்காம எப்படிப்பா சொல்றது" என்று அவர் முதலில் மறுத்துவிட்டார். இப்போது இருவரும் சேர்ந்து ஒரு முறை வைத்திருக்கிறார்கள்: தட்டில் அக்கா தொட்டுப் பார்த்துப் பிரித்துத் தருவார், தம்பி இரண்டு குவியலையும் தனித்தனியாகப் படமெடுத்து நிரலுக்குக் காட்டுவார். நிரல் நன்றாகவே தேறிவருகிறது. ஆனால் அது கற்றது முழுக்க அக்காவின் விரலிலிருந்து.

மண்ணைக் கழுவாமலே வேரைப் பார்க்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். நான் மேலே சொன்ன நாட்டிங்ஹாமில் அதற்கென்றே பெரிய எக்ஸ்ரே சிடி ஸ்கேன் கூடம் இருக்கிறது, பெயர் ஹவுன்ஸ்ஃபீல்ட் மையம். சிடி ஸ்கேனைக் கண்டுபிடித்து 1979-இல் நோபல் பரிசு பெற்ற காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் அந்த வட்டாரத்துக்காரர், பக்கத்து நியூவார்க்கில் பிறந்தவர். பூந்தொட்டியோடு செடியை உள்ளே வைத்தால் மண்ணுக்குள் வேர் இருக்கிற கோலத்திலேயே முப்பரிமாணத்தில் வந்துவிடும். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பூந்தொட்டி பெரிதாக ஆக ஆகப் படத்தின் நுணுக்கம் குறையும், மெல்லிய பக்கவேர்கள் மறைந்துவிடும். ஈர மண்ணில் வேரும் தண்ணீரும் எக்ஸ்ரேவுக்கு ஏறக்குறைய ஒரே சாயலில் தெரிவதால் எது எது என்று பிரிப்பது தனிப் பாடு. ஆகவே எங்கள் சிமெண்ட் தொட்டிக்கு இப்போதைக்கு ஓய்வில்லை.

அடுத்தவர் சீனியர் அக்கா, பிஹெச்.டி. கடைசி வருடம். வேரின் குறுக்குவெட்டுதான் அவர் உலகம். மெஷின் இருக்கிறது, ஆனால் அவசரத்துக்கு அவர் கையாலேயே வெட்டுவார். கேரட்டை நடுவில் பிளந்து, அதற்குள் வேரைச் செருகி, புது பிளேடைத் தண்ணீரில் நனைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. பத்து வெட்டில் ஒன்று தேறும். அதை டொலுயிடின் புளூ என்ற சாயத்தில் ஒரு நிமிடம் போட்டுக் கழுவி ஸ்லைடில் வைத்து அவர் முதன்முதலாக எனக்குக் காட்டியதை மறக்கவே முடியாது. நடுவில் பச்சை கலந்த நீலத்தில், தண்ணீரை மேலே ஏற்றும் சைலம் குழல்கள், சுற்றிலும் ஊதா நிறத்தில் செல் சுவர்கள், இடையில் பெரிய பெரிய வெற்றிடங்கள், செல்கள் தாமாகவே செத்து வழிவிட்ட காற்றறைகள். தண்ணீரில் நிற்கும் நெல்லுக்கு அவை மேலிருந்து மூச்சு இறக்கும் பாதை. பென்சில்வேனியாவில் மக்காச்சோள வேரைப் பார்க்கும் ஜொனாதன் லிஞ்ச் குழு இந்தக் காற்றறைகளுக்கு வறட்சியிலும் ஒரு பயன் சொல்கிறது: உயிருள்ள செல்கள் குறைந்தால் வேரைப் பராமரிக்கும் செலவும் குறையும், மிச்சமாகும் சக்தியில் செடி இன்னும் ஆழம் போகலாம். நெல்லிலும் அப்படியா என்பதுதான் அக்காவின் ஆய்வு. முடிவை இங்கே எழுத மாட்டேன், அவர் கட்டுரை வரட்டும்.

மேடத்தைப் பற்றிக் கொஞ்சம். அவர் மேஜையில் டீ வடிகட்டிகள் இருக்கும், விதவிதமான அளவில், புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றும் புரியாது. ஜப்பானில் யூசாகு உகா என்பவர் தலைமையில் 2013-இல் வெளியான ஆய்வுதான் காரணம். பிலிப்பைன்ஸின் மேட்டுநில ரகம் கினாண்டாங் பாடோங்கிலிருந்து டிஆர்ஓ1 என்ற மரபணுவைக் கண்டுபிடித்து, மேலோட்டமாக வேர் விடும் ஐ.ஆர்.64 என்ற நெல் ரகத்துக்குள் கொண்டுவந்தார்கள். வேர் மேலும் செங்குத்தாக இறங்கியது, வறட்சியில் விளைச்சல் கூடியது. அந்த வேர்க் கோணத்தை அளக்க அவர்கள் பயன்படுத்தியது சல்லடைக் கிண்ணம் மாதிரி ஒரு கூடைதான். அதில் மண் நிரப்பிச் செடியை வைத்து, எத்தனை வேர் கூடையின் அடிப்பக்கக் கண்கள் வழியே வெளிவருகிறது, எத்தனை பக்கவாட்டில் வருகிறது என்று எண்ணினால் போதும். அதைத்தான் மேடம் வடிகட்டியில் செய்து பார்ப்பார். நம் பக்கத்து வறட்சி ரகங்கள் மீது அவருக்குத் தீராத பிரியம். ராமநாதபுரத்துப் புழுதி விதைப்பு நிலங்களில் வெகுகாலமாக நிற்கும் நொறுங்கன், நூற்றிப்பத்து போன்றவற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் ஐ.ஆர்.20-ஐயும் நூற்றிப்பத்தையும் ஒட்டுச்சேர்த்த சந்ததிகளை வைத்து வறட்சி தாங்கும் மரபணுப் பகுதிகளைத் தேடியிருக்கிறார்கள். மழை பொய்த்த வருடங்களில் அந்த ரகங்களைக் கைவிடாமல் வைத்திருந்த குடும்பங்களும் எங்கள் லேபின் ஆட்கள்தான் என்பார் மேடம்.

இப்போது என் ஆதங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். தொட்டி அக்காக்கள் மஸ்டர் ரோலில் வருகிறவர்கள், தினக்கூலி. பிராஜெக்ட் முடிந்தால் அவர்கள் வேலையும் முடியும். அடுத்த பிராஜெக்டுக்கு அனுமதி வருவதற்குள் அவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், போகத்தானே வேண்டும், வீடு இருக்கிறதே. புது ஆட்கள் வருவார்கள், மறுபடி முதலிலிருந்து பழக்க வேண்டும், அந்த முதல் பருவத்து எண்களை நாங்கள் பாதி நம்பிக்கையோடுதான் பார்ப்போம். ஒரு கருவி பழுதானால் பராமரிப்புச் செலவு என்று தனிப் பத்தியில் பணம் கேட்க முடிகிறது, வருடக்கணக்கில் விரலில் ஏறிய திறமையைத் தக்கவைக்கப் பத்தி கிடையாது. கட்டுரையில் பெயர் வருவதும் அப்படித்தான். நிரல் எழுதியவர் பெயர் ஆசிரியர் வரிசையில் வரும், மாதிரியின் டிஎன்ஏ வரிசையைப் படித்தவர் பெயர் வரும். உயிர் வேர் எது செத்த வேர் எது என்று ஒவ்வொரு மாதிரியிலும் தீர்மானித்தவர் பெரும்பாலும் 'களப் பணியாளர்களுக்கு நன்றி' என்ற ஒரு வரிக்குள் பெயரில்லாமல் போய்விடுகிறார். அது கூலி வேலை இல்லை, முடிவெடுக்கும் வேலை. அந்த முடிவின் மேல்தான் எங்கள் வரைபடங்கள் நிற்கின்றன.

மேடம் இந்த முறை இரண்டு காரியம் செய்திருக்கிறார். அனுப்பியிருக்கும் புது விண்ணப்பத்தில் வேர் மாதிரித் தொழில்நுட்ப உதவியாளர் என்று ஒரு பணியிடம் கேட்டிருக்கிறார், கல்வித் தகுதிக்குப் பதிலாக அனுபவத்தை எடுத்துக்கொள்ளலாம் என்ற குறிப்போடு. நிரல் பற்றிய கட்டுரையில் மூத்த தொட்டி அக்காவைச் சக ஆசிரியராகப் போட்டிருக்கிறார். விஷயத்தைச் சொன்னபோது, பெயரை ஆதார் கார்டில் இருக்கிற மாதிரி எழுதணுமா, வீட்டில் கூப்பிடுகிற மாதிரியா என்று அக்கா கேட்டார். ஆதாரில் அப்பா பெயர் தப்பாக இருக்கிறதாம், அதைத் திருத்த இ-சேவை மையத்துக்கு நானும் அவரும் திங்கட்கிழமை போகிறோம்.

சேர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு: எந்த வேர் லேபுக்கு இன்டர்வியூ போனாலும், வேரை யார் கழுவுகிறார்கள், அவர்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள். எங்களிடம் வருவதாக இருந்தால் பருவம் தொடங்கும்போது வாருங்கள், பைப் நிரப்புகிற வேலையிலிருந்தே கூட இருக்கலாம். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வாருங்கள், நீண்ட நகத்தில் பக்கவேர் சிக்கி அறுந்துவிடும், அக்கா தட்டைத் தொட விட மாட்டார்.